டால்பினுக்கு முழு மதிப்பெண், தேன்மொழிக்கு சைபர்

1

ஒரு பெண்ணுக்கு நான் சைபர் போட்டேன். ஆறு மதிப்பெண்ணுக்கு சைபர். அதற்காக ஒரு நிமிடம்கூட யோசித்த நினைவில்லை. அடுத்த விண்ணப்பத்தைத் திறந்துவிட்டேன்.

சென்ற ஐப்பசியோடு நான் புதுச்சேரியை விட்டுப் போய் ஐம்பது ஆண்டு நிறைந்தது. பாரிசுக்கு வெளியே நாங்கள் வசிக்கும் ஊரில் புதுவைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதன் ஆண்டு மலருக்கு, "உங்கள் ஐம்பது ஆண்டு அனுபவத்தை எழுதுங்கள், ஊரிலிருப்பவர்கள் விரும்பிப் படிப்பார்கள்" என்றார்கள். முதல் பனி, முதல் கம்பளிக் கோட்டு, கடையில் தவறான சொல்லைச் சொல்லி அவமானப்பட்ட கதை. எல்லோரும் எழுதுவதுதான். நானும் அதையே எழுதுவதாக இருந்தேன். நான்கு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு வழக்கம்போல் தை மாதத்தை ஊரில் கழிக்க வந்து, சாரம் பகுதியில் தம்பி சேகர் வீட்டில் இறங்கிய மூன்றாம் நாள், அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். காரணம் அந்த சைபர்.

2

பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தேன். ஆசிரியராக இல்லை, அலுவலகத்தில். இளநிலை மாணவர்களுக்கான சிறப்புத் திட்டங்கள் எங்கள் பிரிவின் பொறுப்பு. கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம், வேறு நாட்டில் ஒரு பருவம், ஒரே நேரத்தில் இரண்டு பட்டம், தேர்ந்தெடுத்த இருபது பேருக்கு மட்டும் தனி வகுப்பு. சாதாரண மாணவனுக்கு இப்படியெல்லாம் கதவுகள் இருப்பதே தெரியாது. அவை எங்கே இருக்கின்றன என்று சொல்வது என் வேலை. யாருக்குச் சொன்னேன்? கேட்டு வந்தவர்களுக்கு. யார் கேட்டு வந்தார்கள்? தாயோ தகப்பனோ ஏற்கெனவே அதே கதவு வழியாகப் போயிருந்த பிள்ளைகள். முப்பத்தோரு ஆண்டு அவர்களுக்கு வழிகாட்டிவிட்டு, பெரிய தொண்டு செய்தவன்போல ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் ஒரு பேனாவும் தந்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சங்கத்தின் சார்பில் நான் தொடங்கி வைத்ததுதான் எங்கள் கோடை ஆய்வுத் திட்டம். ஆண்டுக்கு மூன்று பேர். புதுச்சேரிக் கல்லூரிகளில் இளநிலை படிப்பவர்கள் பிரான்சில் ஒரு கடலியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஆறு வாரம் வேலை கற்றுக்கொள்ளலாம். தேர்வுக் குழுவில் மூன்று பேர்: நான், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் லூர்து, ஆய்வுக்கூடத்திலிருந்து க்ளேர் என்ற இளம் விஞ்ஞானி. லூர்து என்னோடு புதுச்சேரியில், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். நாங்கள் சந்தித்தால் பாதி நேரம் பிரெஞ்சில் சண்டை போடுவோம், மீதி நேரம் தமிழில்.

மதிப்பெண் அட்டவணையை வகுத்தது நான். கூட்டுத் தொகை இருபது. படிப்புக்கு எட்டு, விண்ணப்பக் கடிதத்துக்கு ஆறு, "பாடத்துக்கு வெளியே தன்னை வளர்த்துக்கொள்ள மேற்கொண்ட செயல்பாடுகள்" என்ற கட்டத்துக்கு ஆறு. பயிற்சி முகாம், பட்டறை, தொண்டு நிறுவனப் பணி, கருத்தரங்கு, பயணம். பரீட்சைப் புலிகள் மட்டும் வந்துவிடக் கூடாது, முழு மனிதர்கள் வர வேண்டும் என்பது என் வாதம். லூர்துகூட, "நல்லா யோசிச்சிருக்கப்பா" என்று பாராட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்கழியில் கணினித் திரை வழியாகக் கூடினோம். பதினேழாவது விண்ணப்பம்: ஏ. தேன்மொழி, இயற்பியல் மூன்றாம் ஆண்டு, காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவ ஊர். படிப்பில் எட்டுக்கு எட்டு. கடிதம் ஆறே வரி. தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடலலை பற்றிய இரண்டு கேள்விகளை எழுதி, "இதற்கு விடை தெரிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்" என்று முடித்திருந்தாள். மூன்றாவது கட்டத்தில் ஒரே சொல்: "இல்லை".

"இன்னாப்பா இது, ஒண்ணுமே எழுதல?" என்றான் லூர்து. "மூணு வருஷம் காலேஜ் போயி ஒரு முகாமுக்குக்கூடப் போவலையா? சோம்பேறிப் பொண்ணு."

க்ளேர் தயங்கினாள். "கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன செய்கிறாள் என்று கேட்டால் என்ன?"

நான்தான் மறுத்தேன். "ஒருத்தியை மட்டும் கூப்பிட்டுக் கேட்டால் மற்றவர்களுக்கு அநியாயம். எல்லோருக்கும் ஒரே அட்டவணை. விதி விதிதான்." முப்பத்தோரு ஆண்டு சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், வாயில் தானாக வந்தது. கடிதத்துக்கு மூன்று, கட்டத்துக்கு சைபர். பதினொன்று. தேர்வான மூவரில் கடைசி ஆளுக்குப் பதினான்கு.

3

இங்கே என் பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகன் ரவிக்குத் தமிழ் வராது. "சாப்டியா" என்று கேட்பான், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு மொழி பேசினால் பள்ளியில் பின்தங்கிவிடுவான் என்று ஓர் ஆசிரியை சொன்னதை நம்பி, அவன் ஐந்து வயதில் வீட்டில் தமிழை நிறுத்தியவன் நான்தான். என் மனைவி அதை எதிர்த்தாள். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டாகிறது. ரவியின் மகன் லியோவுக்கு அந்த "சாப்டியா"வும் கிடையாது. அவன் என்னை "பப்பி" என்பான். பிரெஞ்சில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல்முறை அதைக் கேட்ட சேகரின் மனைவி செல்வி, "இன்னா மாமா, நாய்க்குட்டிய கூப்புட்ற மாதிரி கூப்புட்றான்" என்று சிரித்தாள்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு லியோ ஓர் இரட்டைப் பட்டத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க இருந்தான். அங்கும் என்னுடையது போலவே ஒரு கட்டம். சும்மா விடலாமா? ரவி போன் செய்தான். "அப்பா, இந்தியாவில் ஏதாவது தொண்டுப் பணி ஏற்பாடு செய்ய முடியுமா? இரண்டு வாரம் போதும்." செய்தேன். அவனையும் நண்பர்கள் நால்வரையும் சங்கத்தின் பெயரில் காலாப்பட்டுக்கு அருகே ஒரு மீனவ ஊருக்கு அனுப்பிவைத்தேன். ஊர்ச் சுவர் ஒன்றுக்கு வண்ணம் தீட்டினார்கள். அதை இணையத்தில் அருகருகே இரண்டு படங்களாகப் போட்டார்கள். "முன்பு" என்று ஒன்று, "பின்பு" என்று ஒன்று. "பின்பு" படத்தில் நீலக் கடலில் ஒரு டால்பின் சிரித்தது.

லியோ அங்கே நான்கு நாள் இருந்தான். பிறகு வயிறு கெட்டு, மீதி நாளெல்லாம் குளிர்சாதன அறையில் படுத்திருந்தான். நான் எழுதிக்கொடுத்த அத்தெஸ்தாசியோன், அதாவது கையெழுத்திட்ட சான்றுக் கடிதம், எண்பது மணி நேரம் என்றது. "கடலோரச் சமூகத்தின் வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர்" என்றது. அந்த வாக்கியத்தை எழுதியபோது அழகாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பேரனுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கட்டத்தில் அவனுக்கு முழு மதிப்பெண் என்று ரவி போனில் கத்தினான்.

இன்னும் பின்னால் போகிறேன். ஐம்பது ஆண்டுக்கு முன்பு பிரான்சுக்குப் போக இதே ஊரில் நான் நிரப்பிய படிவத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. நானும் வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நூலகத்தில் உதவியாளன் என்று எழுது" என்றார். நூலகத்துக்கு நான் போனது உண்மை. மின்விசிறிக்கு அடியில் உட்கார இடம் கிடைக்கும் என்று போனேன். உதவி ஒன்றும் செய்ததில்லை. அவர் சொன்னபடி எழுதினேன், அவர் கையெழுத்திட்டார், கப்பலேறாமல் விமானமேறிய முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான்.

ஆக மூன்று பேர். பொய் சொன்ன எனக்கு இடம் கிடைத்தது. நான் பொய் சொல்லிக்கொடுத்த பேரனுக்கும் கிடைத்தது. "இல்லை" என்று எழுதியவளுக்கு நான் சைபர் போட்டேன்.

4

தை பிறந்து நான் ஊருக்கு வந்த மறுநாள் முடிவுகள் வெளியாயின. அதே வாரம் லியோவிடமிருந்து செய்தி: "பப்பி, எங்கள் சுவர் இப்போது எப்படி இருக்கிறது? ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" சேகரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டேன். கருவடிக்குப்பம் தாண்டுவதற்குள் என் ஹெல்மெட் இரண்டு முறை கழன்றது.

"அம்பது வருசம் பிரான்சுல இருந்து இன்னாத்த கத்துக்கினே அண்ணே? ஒரு பட்டி மாட்டத் தெரியல" என்றான் சேகர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். என்னைக் கிண்டல் செய்ய ஆண்டுக்கு ஒரு மாதம்தான் அவனுக்குக் கிடைக்கிறது, வீணாக்க மாட்டான்.

கடற்கரையை ஒட்டி, மீனவர்கள் உட்கார்ந்து வலை பின்னும் கூடம். அதன் பக்கச் சுவரில் எங்கள் டால்பின். உப்புக் காற்றில் பாதி உரிந்திருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதன் கண்ணில் ஒரு பெரிய ஆணி அடித்து வெள்ளைப் பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். பலகையில் கறுப்பு மையால் தேதி, அலை உயரம், காற்று, நீரோட்டம்.

நான் படம் எடுப்பதைப் பார்த்து, மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"யாரு வோணும் பெரியவரே?"

"இந்த ஓவியத்தைப் பார்க்க வந்தேம்மா."

"இத்தையா? இதப் போயி பாக்க வந்தீங்களா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வெளியூருப் பசங்க வந்து வரைஞ்சிட்டுப் போச்சிங்க. எங்க வலையில எத்தினியோ மீன் வுழுந்திருக்குது. எந்த மீனாவது இப்படி சிரிச்சிருக்குமா?"

சேகர் என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன். "அதில் ஒருத்தன் என் பேரன்மா."

"எந்தப் பையன்? நாலாம் நாளே வவுத்தால போயி காரு வெச்சி கூட்டினு போனாங்களே, சுருட்ட முடி, அவனா?"

"அவன்தான்."

"பாவம், நல்ல புள்ள. நான்தான் மோர் கரைச்சிக் குடுத்தேன்." பிறகு அவள் குரல் கொஞ்சம் மாறியது. "வரைஞ்சது வரைஞ்சிதுங்க, கேட்டுட்டு வரைஞ்சிருக்கலாம். இந்த செவுத்துலதான் எம்பொண்ணு கரும்பலகையாட்டம் கறுப்படிச்சி வெச்சிருந்தா. தெனம் எழுதுவா. நாங்க பாண்டி மார்க்கெட்டுக்குப் போயிட்டு சாயந்தரம் வந்து பாக்கறோம், மீன் சிரிக்குது. அவ அன்னிக்கு சோறு துன்னல."

அப்போது கூடத்தின் மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல், அவசரமில்லாமல்: "எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு சாயந்தரத்துலேர்ந்து நாளைக்கு மதியம் வரைக்கும் அலை ஒன்னேகால் மீட்டர். வாடைக் காத்து இருக்குது. போன்ல கம்மியாதான் காட்டுது, ஆனா போன வாரமும் இப்படித்தான் காட்டிட்டு ஏறிச்சி. ஃபைபர் போட்டுக்காரங்க பாத்துப் போங்க."

ஐந்து நிமிடத்தில் குரலுக்குரியவள் வந்தாள். கல்லூரிப் பை, நெற்றியில் வியர்வை. தாய் சொன்னாள்: "தேனு, இவரு அந்த டால்பினு பையனோட தாத்தாவாம்."

"தேனுன்னா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தேன்மொழி ஐயா. ஏழுமலை பொண்ணு."

5

ஒளிக்கவில்லை. "உன் விண்ணப்பத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தன்மா. மதிப்பெண் போட்டதும் நான்தான்" என்றேன்.

தாய் அஞ்சலைதான் கேட்டாள். "எத்தினி போட்டீங்க?"

"படிப்புக்கு முழுசும். செயல்பாடு என்று கேட்ட இடத்தில்… சைபர்."

"முட்டையா?" என்றாள் அஞ்சலை, மகளைத் திரும்பிப் பார்த்து. "முட்ட வாங்கவா ராத்திரி பகலா எழுதினே?"

தேன்மொழி பையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தாள். முதலாம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு வரி. ஒரு பத்தியின் தலைப்பு "போன் சொன்னது", அடுத்தது "அப்பா சொன்னது". கைபேசியில் வரும் கடல் முன்னறிவிப்பை முதலில் எழுதியிருந்தாள். தகப்பனும் மற்றவர்களும் கரை திரும்பியதும் அவர்கள் கண்ட அலையையும் காற்றையும் அடுத்ததில் எழுதியிருந்தாள். மூன்றாவது பத்தியில் வித்தியாசம். வாடைக் காற்று வீசும் நாட்களுக்குச் சிவப்புக் கோடு. அந்த நாட்களில் போன் குறைத்தே சொல்கிறது. ஏன் என்பதுதான் அவள் கடிதத்தில் எழுதியிருந்த முதல் கேள்வி.

முப்பத்தோரு ஆண்டில் எத்தனை ஆயிரம் விண்ணப்பம் பார்த்திருப்பேன். இளநிலை மாணவர்கள் "ஆய்வு அனுபவம்" என்று எழுதுவதில் பாதி, யாரோ செய்த ஆய்வுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம். இது நிஜம். இதற்காகத்தான் அந்தத் திட்டமே. எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கோபம் அவள்மேல்.

"இதை ஏம்மா எழுதவில்லை? 'இல்லை'ன்னு எழுதியிருக்கிறாயே!"

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "நீங்க கேட்டிருந்தது என்னை வளத்துக்க நான் இன்னா செஞ்சேன்னு. இது என்னை வளத்துக்க செஞ்சது இல்ல ஐயா. அப்பா கடலுக்குப் போறாரு, அதுக்காக செய்யறது. வூட்டு வேலை. அத்த போயி மார்க்குக்கு எழுதுவாங்களா?"

சேகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

6

முடிவு வெளியாகி ஏழு நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் நான் எழுதிய விதிதான். விண்ணப்பதாரரே கேட்க வேண்டும், புதிய சான்று இணைக்க வேண்டும். ஆறு நாள் மீதியிருந்தது. தேன்மொழி கடைசி ஆண்டு மாணவி. அடுத்த ஆண்டு அவள் இளநிலை மாணவியே இல்லை. எங்கள் திட்டம் அவளுக்குத் திறந்திருப்பது இந்த ஒருமுறைதான்.

லூர்துவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "விதி விதிதான்னு அன்னைக்கு நீதானப்பா சொன்ன? க்ளேர் கூப்புட்டுக் கேக்கலாம்னப்போ அவ வாய அடைச்சது யாரு? இப்போ நீ பாண்டியில குந்திக்கினு, மீன் கொழம்பு துன்னுட்டு, மனசு மாறிட்டேன்னா?"

"தப்பு செய்துவிட்டோம் லூர்து."

"தப்புன்னா பேப்பர்ல வரட்டும். சான்று எங்கே? நோட்டு யார் வேணும்னாலும் ஒரே நாள்ல எழுதலாம்."

ஒரே நாளில்! இரண்டரை ஆண்டின் மை வேறு, பேனா வேறு, மழையில் நனைந்த பக்கம் வேறு. எண்பது மணி நேரம் என்று நான் எழுதிய ஒரு தாளை எவனும் சந்தேகிக்கவில்லை. ஏனென்றால் அது அச்சடித்த தாள், சங்கத்தின் முத்திரை, கீழே என் பிரெஞ்சுக் கையெழுத்து. கடலுக்குப் போகிறவன் தன் உயிரையே ஒப்படைத்து நம்பும் ஒரு நோட்டுக்குச் சான்று வேண்டுமாம். போனை வைத்தேன். செல்வி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

சான்று எங்கே இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. லியோவின் இணையப் பக்கத்தில். "முன்பு" என்ற படம். அழுக்குச் சுவர் என்று அதன் கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். அதை நானும் அப்போது பார்த்து, விருப்பக் குறி போட்டிருக்கிறேன். லியோவைக் கூப்பிட்டுத் தேதியோடு மூலப் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். சேகரின் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்படித்த சுவரில் வெள்ளைச் சுண்ணக்கட்டி எழுத்து, அவளுடைய நேரான கையெழுத்து. அலை. காற்று. அதற்குக் கீழே பெரிதாக ஒரு வரி.

லியோ இன்னும் தொடர்பில் இருந்தான். "பப்பி, அது ஏதோ குழந்தைகளின் கிறுக்கல் என்று நினைத்தோம். கம்பித் தூரிகை வைத்துத் தேய்த்தோம், அந்தக் கறுப்பு லேசில் போகவில்லை. என்ன எழுதியிருந்தது?"

"இன்று யாரும் கடலுக்குப் போக வேண்டாம்" என்று பிரெஞ்சில் படித்துக் காட்டினேன்.

அவன் அதை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னான். பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியாதே, பப்பி" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த எழுத்து அவனுக்குத் தெரியாமல் போனதற்கு அவன் காரணமில்லை. அவன் சுவரில் தேய்ப்பதற்கு முன்பே, என் வீட்டில் அந்த எழுத்தை நான் தேய்த்துவிட்டுத்தான் அவனை அங்கே அனுப்பினேன். நல்லவேளையாக அன்று கடலுக்குப் போனவர்கள் யாருமில்லை. அவள் எழுதியதோடு நிற்காமல் காலையிலேயே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள் என்று அஞ்சலை பிறகு சொன்னாள்.

எண்பது மணி நேரத்தைப் பற்றியும் லியோவிடம் பேச்செடுத்தேன். "அதில் கையெழுத்து நீங்கள்தானே போட்டீர்கள்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அவன் படிக்கும் இடத்துக்கு உண்மையை எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை. எழுதினால் அவன் கதி என்னாகும் என்று தெரியவில்லை. இப்போதைக்கு மலருக்கு இதைத்தான் எழுதியிருக்கிறேன். இதை என் மகனும் பேரனும் படிக்க மாட்டார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

7

மறுபரிசீலனைப் படிவம் பிரெஞ்சில் இருந்தது. மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் பெயர்ப்பது என்று ஏற்பாடு. எனக்குப் பழைய பழக்கம் விடவில்லை. "சமூகத் தலைமைப் பண்பு என்று போடுவோம். இவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும்" என்றேன்.

"யாருக்குத் தலைமை?" என்றாள் தேன்மொழி.

"ஊரே உன் பேச்சைக் கேட்கிறதே."

"ஊர் கேக்கறது அலையத்தான் ஐயா, என்ன இல்ல. தலைமைன்னா, காலையில ஏலத்துல அம்பது பேர ஒரே சத்தத்துல அடக்கறது எங்க அம்மா. அவங்களுக்கு எத்தினி மார்க் போடுவீங்க?"

மீனைத் திருப்பிக்கொண்டிருந்த அஞ்சலை அங்கிருந்தே, "எனக்கும் முட்டதான்டி போடுவாரு" என்றாள்.

தேன்மொழி சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். பத்து வரி. படத்தையும் நோட்டின் நாற்பது பக்கங்களையும் இணைத்தோம். என் பங்குக்குத் தனிக் கடிதம் வைத்தேன்: அட்டவணையை வகுத்தவன் நான், தவறு என்னுடையது, குழுவிலிருந்து விலகுகிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சங்கத் தாளில், முத்திரையோடு. விண்ணப்பதாரரின் முயற்சியைக் குழு பாராட்டுகிறது. ஆனால் மேற்படிச் செயல்பாடு அங்கீகரிக்கப்பட்ட எந்த நிறுவனத்தின் கீழும் நடைபெறாததால் மதிப்பெண் வழங்க வழியில்லை. முடிவில் மாற்றமில்லை. "அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்" என்ற சொற்கள் என்னுடையவை. அட்டவணையின் அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில், நான் சேர்த்தவை.

க்ளேர் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. தன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டாள் என்று அறிந்தேன்.

சொல்ல வேண்டியவன் நான்தான். அன்று பிற்பகல் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். பலகைக்கு முன்னால் தேன்மொழி நின்று பழைய எழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசி வரிவரை கேட்டாள்.

"சரிங்க ஐயா," என்றாள். பிறகு, "அந்த க்ளேர் அம்மா எனக்கு மெயில் போட்டிருந்தாங்க. நோட்டு முழுசும் கேட்டாங்க, போட்டோ புடிச்சி அனுப்பிட்டேன். போன ஐப்பசியில ஒரு வாரம் காத்து தெசய மாத்தி எழுதியிருக்கேனாம். கரெக்டா கண்டுபுடிச்சிட்டாங்க. அந்த வாரம் எனக்கு ஜொரம்."

அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஆறு வாரமில்லை, விமானமில்லை, சான்றிதழில்லை. அவள் தவறை ஒருத்தி கவனித்துப் படித்திருக்கிறாள். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து செய்யாதது அது.

நான் விடவில்லை. அங்கே போனதும் சங்கப் பொதுக்குழுவில் பேசப் போகிறேன், அந்தக் கட்டத்தையே எடுத்துவிடச் சொல்லப் போகிறேன், இது அநியாயம், இதை நான் சும்மா விட மாட்டேன் என்று குரலை உயர்த்திக்கொண்டே போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கரையில் நான்கைந்து பேர் எஞ்சினைத் தோளில் வைத்தபடி, புறப்படுவதா வேண்டாமா என்று எங்கள் பக்கம் பார்த்து நின்றிருந்தார்கள்.

தேன்மொழி மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் நவுந்து நில்லுங்க," என்றாள். "பலகைய மறைக்கிறீங்க."